பாதிக் கல்

போன வியாழக்கிழமை காலை, ஊரே கூடி நிற்க, நான் நாலாம் வகுப்பில் செய்த ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

போனது வேறு வேலையாக. பூதலூர் பக்கத்தில் நான் படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லித் தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர் கூப்பிட்டிருந்தார். "வாராவாரம் என்னத்தையாவது எழுதுறீங்களே சார், இதையும் எழுதிக் குடுங்க." புகழ்ந்தாரா, குட்டினாரா... இன்னும் தெரியவில்லை.

பழைய வாத்தியார்கள் எழுதி வைத்த நோட்டுகளைக் கொடுத்தார். நெல் அடிக்கிற களத்தில், வீட்டுக்கு ரெண்டு மூங்கில், பத்து கீற்று என்று ஊரே கொண்டுவந்து போட்ட கொட்டகைதான் ஆரம்பமாம். முதல் வாத்தியார் தரங்கம்பாடிக்காரர். 'நடவு. இன்று வந்தவர்கள் ஏழு பேர்.' 'காற்றில் கூரை பறந்தது. பூவரச மரத்தடியில் பாடம்.' மறுநாள்: 'கூரை கிடைத்தது.'

சிரித்துக்கொண்டே புரட்டியவன் ஒரு பக்கத்தில் நின்றேன். 'நாலாம் வகுப்பு மாணவர் இருவர் கிழக்கு எல்லைக் கல்லைப் பிடுங்கி கிரிக்கெட் ஸ்டம்ப்பாக நட்டனர். தலா ஆறு பிரம்படி. கல் திரும்ப நடப்பட்டது.'

நல்ல வேளை... பெயர் போடவில்லை. அந்த இருவரில் ஒருவன் நான். இன்னொருவன் தங்கராசு, என் மாமா மகன்.

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சர்வேயர், செயின், கூட்டம். நடுவில் அதே தங்கராசு. பள்ளியை ஒட்டிய வயல் அவனுடையது. வேலி போட அளக்கச் சொல்லியிருக்கிறான். அந்தக் கிழக்கு எல்லைக் கல்லிலிருந்து அளந்தால் அடிபம்பும், பொம்பளைப் பிள்ளைகளின் கழிவறையும் அவன் வயலுக்குள் வருகின்றன!

"மத்த கல்லெல்லாம் வாய்க்கால் தூர்வாரினப்பவே போச்சு. இருக்கிறது இது ஒண்ணுதான். கல்லு சொல்றதுதாங்க கணக்கு" என்றார் சர்வேயர்.

டீச்சர் செயினுக்குக் குறுக்கே வந்து நின்றார். "போன தடவ கதவு உடைஞ்சு கெடந்ததுக்கே மூணு புள்ளைங்க படிப்ப நிறுத்திட்டாங்க. இப்ப கழிவறையே இல்லன்னா எத்தன பேருங்க வருவாங்க?"

"எனக்கு மட்டும் ஆசையா டீச்சர்? கல்லு அங்க இருக்கு. நானா தூக்கியாந்து நட்டேன்?" என்றான் தங்கராசு.

மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: ஆமாம் மாப்ள... நீதான். கூட நானும்.

எங்களை அடித்த வாத்தியாருக்கே தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு அந்தக் கல் முழுசாக வரவில்லை. நடுவில் உடைந்து, அடிப்பாதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. திரும்ப நடச் சொன்னதும், பழைய இடம்வரை தூக்கிப் போகச் சோம்பல். பள்ளிக்கு உள்ளே தள்ளி, மண் மெத்தென்று இருந்த இடத்தில் செருகிவிட்டு வந்தோம். கல் நின்றது, வாத்தியாரும் நம்பிவிட்டார்.

தங்கராசு மறந்துவிட்டானா? அவன் என் பக்கமே திரும்பவில்லை. பேசினால் சொந்தம் போச்சு. பேசாவிட்டால்? டீச்சர் கழிவறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டேன், தங்கராசு பெயரை மட்டும் விட்டுவிட்டு.

சர்வேயர் முறைத்தார். "சர்வே கல்லைப் பிடுங்கினா கேஸு. தெரியுமுல்ல?"

"அப்ப எனக்கு மூணாம் வாய்ப்பாடே தெரியாதுங்க."

"அடிப்பாதியைக் காட்டுங்க. மாத்தி அளக்குறேன்."

பூவரச மரத்துக்குக் கிழக்கே ஓர் இடத்தைக் காட்டினேன். கடப்பாரை இறங்கியது. வெறும் மண். கொஞ்சம் தள்ளிக் காட்டினேன். வேர். மூன்றாவது குழியில் தண்ணீர் ஊறியது. வாராவாரம் என் ஞாபகசக்தியை நம்பிப் படிக்கிறீர்களே... உங்களை நினைத்தால் பாவமாக இருந்தது.

"எழுத்தாளருல்ல, கத விடுறாரு" என்றது கூட்டம். சர்வேயர் செயினைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் அவர் முன்னால் ஓடினேன்.

"இல்லீங்க! இந்தா, இந்தக் கையாலதான் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். இங்கதான் எங்கயோ..."

"யாரு, நீயா பிடுங்கின?"

தங்கராசு.

"பல்லு ஆடினாலே ஊரக் கூட்டி அழுவ. நீ கல்லப் பிடுங்கினியா? பிடுங்கினவன் நான்டா! நீ மரத்து மேல உக்காந்து வாத்தியார் வர்றாரான்னுல்ல பாத்துக்கிட்டிருந்த!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. அவன் என்னைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று நடந்து, நான் காட்டிய இடத்துக்குப் பத்தடி தெற்கே போய்க் குதிகாலால் மண்ணைக் குத்தினான்.

"இங்க தோண்டு."

இரண்டே குத்து. ணங்!

மேல்பாதியைக் கொண்டுவந்து வைத்தார்கள். உடைந்த பல் மாதிரி அச்சாகப் பொருந்தியது. அடிபம்பும் கழிவறையும் பள்ளிக்குள்ளேயே நின்றன.

தங்கராசு துண்டால் முகத்தைத் துடைத்தான். "கதவ நல்லதா போடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டான்.

ரோஷமா, மனசாட்சியா? நான் கேட்கவில்லை. கேட்டால் அடிப்பான்.

டீச்சர் ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். வரலாற்றில் கல்லைப் பிடுங்கியவர் தங்கராசு என்றே வரவேண்டுமாம். என் பெயர்? 'மரத்தில் இருந்தவர்.'

யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அந்தக் கல்லை ஒழுங்காக, முழுசாகப் பிடுங்கியிருந்தால், பழைய இடத்துக்கு அடையாளமே இல்லாமல் இன்றைக்குப் பள்ளிக்கூடம் தோற்றிருக்கும்.

அரைகுறை வேலையும் ஊருக்கு உதவும்... இதை என் எடிட்டருக்கு யாராவது சொல்லுங்களேன்!