ஃபிட்ஸ் என்று சொன்னேன்

அந்தச் சாவிக்கொத்து இன்னும் என்னிடம் இருக்கிறது. மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் ஓனரம்மா, என் அண்ணன் கையில் திணித்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உதடு நீலம் பாரித்து, தொண்டையில் கரகரவென்று மூச்சு இழுத்தது. "ஃபிட்ஸும்மா, கையில இரும்பு குடுங்க, நின்னுடும்" என்றார். அண்ணன் உடம்பு உதறவே இல்லை. துணி மாதிரி கிடந்தான். சாவி நழுவி நழுவி விழ, அம்மா அவன் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அது மாத்திரை என்று எனக்குத் தெரியும். ஃபாக்டரியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் தோள்பட்டை விட்டுப்போனபோது கூட வேலை செய்தவன் கொடுத்த வலி மாத்திரை, பிறகு அது இல்லாமல் அவனால் எழவே முடியவில்லை. "என்னை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ பாப்பா, என்னால தனியா விட முடியல" என்று அவனே கேட்டான். விசாரித்தேன். மாத்திரைப் பழக்கத்தை விடவைக்கிற டாக்டர் கிருஷ்ணகிரிக்கு வாரம் ஒரு நாள்தான் வருவார், அதுவும் காலையில். காண்ட்ராக்ட் வேலைக்காரனுக்கு எந்த மகராசன் வாராவாரம் லீவு கொடுப்பான்? அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு முறை கேட்டார், வேறு ஏதாவது சாப்பிட்டாரா என்று. போலீஸ் வரும், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று அம்மா வழியெல்லாம் அழுதிருந்தாள். மாத்திரையின் காலி அட்டை என் பையில் இருந்தது. "இல்ல சார், ஃபிட்ஸ்தான்" என்றேன். மருந்தை முறிக்கும் ஊசி அங்கேயே இருந்ததாம். அண்ணன் போன பிறகுதான் அட்டையை எடுத்துக் காட்டினேன். ஓனரம்மா சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை, தன் வீட்டுப் பூட்டையே மாற்றிவிட்டார்.

இப்போது எங்கள் பகுதியிலேயே இந்தப் பழக்கத்தை விட சாயங்கால சிகிச்சை வந்துவிட்டது. நான் அங்கே பணியாளர். நல்ல காரியம்தான், ஆனால் வயிறு எரிகிறது. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு வேன் டிரைவர் விழுந்துகிடப்பதாகக் கேட்டு நர்ஸோடு ஓடினேன். மனைவி சொன்னாள், "ஃபிட்ஸுங்க." அவர் கையில் வண்டிச் சாவி.

"நானும் இப்படித்தாம்மா சொன்னேன். எங்கண்ணன் செத்துட்டான். என்ன போட்டாரு, சொல்லு. போலீஸ் வராது."

முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை நீட்டினாள். ஊசி ஏறி, மூச்சு திரும்பியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. அவர் கையிலிருந்த சாவியை எடுக்கப் போனேன். விடாமல் இறுக்கிப் பிடித்தார். அண்ணன் கை ஒரு தடவைகூட அப்படிப் பிடிக்கவில்லை.