நாற்பத்தொரு வீட்டு எண்ணெய்

"யாரு மாமா இதுல எண்ணெய் ஊத்துனது?"

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, அணைக்கரையில், என் மருமகள் சுமதி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அவள் கையில் ஒரு சாண் நீளத்துக்கு அப்பளம் போல உரிந்து வந்த ஃபைபர் பட்டை. முகத்தில் சிரிப்பு இல்லை.

யார் ஊற்றியது என்று எனக்குத் தெரியும். பெயர் பெயராகத் தெரியும். மொத்தம் நாற்பத்தொரு வீடு. எண்ணியது நானேதான்!

எண்ணுவது என் வியாதி என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. நில அளவைச் சங்கிலியின் வளையங்களை எண்ணியே சம்பளம் வாங்கியவன். ரிட்டயர் ஆனதும் சங்கிலி போய்விட்டது; எண்ணுவது போகவில்லை. கவலைப்படுவதும் போகவில்லை. முதல் கவலை, படகு.

எங்கள் ஊர் அணை நிறைந்துவிட்டால் அக்கரைக்காரர்களுக்கு ரோடு கிடையாது. மலையைச் சுற்றித்தான் வர வேண்டும். அதற்குள் பால் திரிந்துவிடும், தக்காளி கூழாகிவிடும். அதனால் ஒரு படகு. மரப் படகல்ல, பரிசலும் அல்ல... ஃபைபர் படகு! ஏதோ ஒரு மலை ஊரில் புதுமணத் தம்பதிகளை ஏற்றிக்கொண்டு சுற்றிய உல்லாசப் படகு அது. கிழடு தட்டியதும் ஏலத்துக்கு வந்தது. லாரியில் ஏறி எங்கள் ஊருக்கும் வந்தது. முன்பக்கத்தில் முன்பு ஒரு அன்னத்தின் கழுத்து இருந்ததாம். இப்போது வெறும் மொட்டை. காலையில் பால் கேன்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் கூடைகள், சாயங்காலம் அரூர் போய்த் திரும்புகிறவர்கள். தேனிலவுக்காரர்களைவிட இவர்களைத்தான் அந்தப் படகு அதிகம் சுமந்திருக்கும்.

ஓட்டுகிறவர் மாதப்பன். நிலமெல்லாம் அணைத் தண்ணீருக்கு அடியில் போன குடும்பம். தன் சொந்தக் காட்டின் மேலேயே துடுப்புப் போட்டுப் பிழைக்கிறவர் என்று சொல்லலாம்.

கார்த்திகை மழையில் அந்தப் படகின் அடி அமுங்க ஆரம்பித்தது. நடுவில் கால் வைத்தால் உள்ளே போய், எடுத்தால் மேலே வந்தது.

"மெத்தை மாதிரி இருக்குதுங்க சார்" என்றார் மாதப்பன், சிரித்துக்கொண்டே.

அணையைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி வந்து மெத்தையின் மேல் நின்று பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "தை மாசம் ரெண்டாவது புதன்கிழமை வருவேன். அடி கெட்டியா இருந்தா ஓட்டலாம். இல்லேன்னா சங்கிலி போட்டுப் பூட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தப்புச் சொல்ல முடியாது. நடு அணையில் அடி பிளந்தால் யார் பதில் சொல்வது?

ஜீப் போனதும் மாதப்பனின் சிரிப்பும் போய்விட்டது. "பூட்டிட்டா நான் எதைங்க சார் தள்றது?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. சுமதி!

என் மருமகள் ஓசூரில் ஒரு ஃபைபர் கம்பெனியில் சூப்பர்வைசர். பஸ் ஸீட், கூலர் மூடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்கிறார்கள். பெண் பார்க்கப் போனபோது, 'ஃபேக்டரியில் வேலை பார்க்கிற பெண்ணா?' என்று ஒரு மாதம் தூங்காமல் கவலைப்பட்டவன் நான். இன்று ஊரில் யார் வீட்டுத் தொட்டி விரிசல் விட்டாலும், "எங்க சுமதி கிட்டச் சொல்றேன்" என்று மார் தட்டுகிறவனும் நானே.

அவள் வந்தாள். வீட்டிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் படகின் அடியில் தட்டிக்கொண்டே நடந்தாள். 'டக் டக்' என்றால் நல்ல இடம். 'பொத் பொத்' என்றால் செத்த இடம். நான் எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். பாதி தூரம் போவதற்குள் 'டக்' என்பதை எண்ண வேலையே இல்லாமல் போயிற்று.

அறுத்துத் திறந்தாள். ஃபைபர் படகு என்றாலும் அதன் பலம் அடியில் நீளவாக்கில் ஓடுகிற மூன்று மரச் சட்டங்கள்தான். அவற்றின் மேல் ஃபைபரைப் போர்த்தி மூடியிருக்கிறார்கள். மூடியைத் திறந்தால்... ஊறிய புளி! கையாலேயே அள்ளலாம். ஏழு பக்கெட் அள்ளினோம்.

"ஸீட்டு திருகின ஆணி வழியாத் தண்ணி எறங்கியிருக்கு மாமா. வெளியில பாருங்க, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கு. உள்ள ஆளே இல்லை."

எத்தனை பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறோம், இப்படி?

ஓசூர் திரும்பும் முன் சுமதி வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனாள். படகின் வடிவம் கோணாமல் இருக்க அடியில் மணல் மூட்டை அடுக்க வேண்டும். உள்ளே வெயில் பட்டு ஈரம் முழுக்கப் போக வேண்டும். பழைய அளவுக்கே மூன்று புதுச் சட்டங்கள் தயாராக இருக்க வேண்டும். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பொங்கல் கழித்து, ஃபைபரை ஒட்டுகிற பிசினான ரெசினோடு வருகிறேன் என்றாள்.

காய்ந்த மரம் வேண்டும் என்றுதான் சொன்னாள். எண்ணெய் வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஓசூர் ஃபேக்டரியில் யார் மரத்துக்கு எண்ணெய் வைக்கிறார்கள், அவளுக்குத் தோன்றுவதற்கு?

எங்கள் ஊர்ப் பழக்கம் வேறு. தண்ணீருக்குப் போகிற மரம் முதலில் எண்ணெய் குடிக்க வேண்டும். கிணற்றுச் சட்டமானாலும் சரி, மதகுப் பலகையானாலும் சரி, பொதுவில் செய்கிற மரம் என்றால் வீட்டுக்கு ஒரு கரண்டி எண்ணெய் வந்துவிடும். யாரும் கேட்க வேண்டியதில்லை.

சட்டம் இழைத்தவர் அரூர் பாஷா பாய். லாரி பாடி கட்டுகிறவர். எங்கள் பக்கத்தில் பாதி வண்டிகள் அவர் கைபட்டவை. பன்னிரண்டடி நீளத்தில் மூன்று சட்டங்கள். கன்னத்தில் வைத்துத் தேய்த்தாலும் உறுத்தாது. அவற்றை வேப்பமரத்தடியில் கிடத்தியதும் ஊர் வந்தது. அக்கரையிலிருந்தும் வந்தார்கள். புங்க எண்ணெய், வேப்பெண்ணெய், கடலை எண்ணெய்... ஒரு வீட்டில் வேறு எண்ணெய் இல்லையென்று தலைக்குத் தடவுகிற மல்லிகை வாசனை எண்ணெய்! பாய் ஒரு துணியில் நனைத்து நனைத்துத் தேய்த்தார். நான் நின்று எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒரு வீடு பாக்கியில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா?

சுமதியும் என் மகனும் போன சனிக்கிழமை வந்து இறங்கினார்கள். அவன் கையில் குழந்தை, இவள் கையில் ரெசின் கேன். அந்த வாசனைக்கு பஸ் கண்டக்டர் மூன்று இடத்தில் இறக்கிவிடப் பார்த்தாராம். "இறக்கி விடுங்க, ஆனா கேனை நீங்கதான் தூக்கணும்" என்றாளாம்.

மறுநாள் காலை, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சட்டத்தின் நுனியில் மட்டும் ரெசின் பூசிக் கண்ணாடி நார் ஒட்டிப் பார்த்தாள். இறுகியதும் நகத்தால் நெம்பினாள். மொத்தமாக உரிந்து வந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எண்ணெய் மேல ரெசின் பிடிக்காது மாமா. எங்க வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"தின்னர் போட்டுத் துடைச்சுட்டா?" என்றேன்.

"குடிச்சவன் வாயைத் தொடச்சு விட்டா போதை எறங்கிடுமா?"

ஆனாலும் துடைத்துப் பார்த்தாள். பளிச்சென்று ஆனது. கொஞ்ச நேரம் வெயில் பட்டதும் உள்ளே இருந்து எண்ணெய் மறுபடி எட்டிப் பார்த்தது. மல்லிகை வாசனையோடு.

"இந்தக் கட்டையை எடுத்துப் போட்டுட்டு வேற பாருங்க" என்றாள் சுமதி.

பாஷா பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "நாப்பத்தோரு வூட்டு எண்ணெய்ம்மா. அடுப்புல வெக்கச் சொல்றியா?"

"அடுப்புல வெச்சா நல்லாவே எரியும் பாய்."

"உன் கம்பெனியில உன் பேச்சு எடுபடும். இங்க ஊர் கேக்கும்."

"நடு அணையில அடி உரிஞ்சா ஊரு கேக்காதா?"

இருவரும் சொன்னது சரி. அதுதான் தொந்தரவு. மாதப்பன் படகின் திறந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "புதனுக்கு இன்னும் மூணு நாளுங்க" என்றார். எண்ணுவது எனக்கு மட்டும் சொந்தமில்லை.

அன்பாகவே இருக்கட்டும்... எதன் மேல் பூசுகிறோம் என்று பார்க்க வேண்டாமோ? இப்படி நான் தத்துவ விசாரத்தில் இருந்தபோதுதான், கவலைப்படும்போது என் கண் தானாகச் செய்கிற வேலையைச் செய்தது. சட்டங்களை அளந்தது. பன்னிரண்டடி. படகின் குறுக்கே நாலடி. அப்படியானால்...

"பாய், ஒரு சட்டத்தை மூணா வெட்டினா நாலடி நாலடியா வரும். மூணு சட்டத்துக்கு ஒம்பது. படகுல ஸீட்டு மூணு. ஸீட்டுக்கு மூணு துண்டு பக்கத்துல பக்கத்துல வெச்சா..."

"மீதி?"

"மீதியே இல்லை!"

சுமதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஸீட்டுக்கு ரெசினே வேண்டாம் மாமா. தண்ணி தெறிக்கிற இடம். எண்ணெய் குடிச்ச மரம்தான் அங்க நல்லது."

பாய் படகைச் சுற்றி ஒரு நடை வந்தார். கோபம் பாதி வழியில் இறங்கிவிட்டது. "லாரி பாடியில மாட்டற மாதிரி ரெண்டு ஓரத்துலயும் போல்ட்டு போட்டுத் தொங்க விட்டுடறேன் பாப்பா. இனிமே உன் சட்டத்துல ஒரு ஆணி எறங்காது. தண்ணி எந்த வழியாப் போகும், பாக்கலாம்."

'உன் சட்டம்' என்றாரே, அது எங்கே? இனி காய்ந்த மரத்துக்கு எங்கே போவது? புதுசாக வாங்கினால் ஈரம். பட்டறையில் இருப்பதெல்லாம் பச்சை மரம் என்றார் பாய்.

எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுப் பரணில். இரண்டு அகலமான வேங்கைப் பலகைகள், பதிமூன்றடி நீளம். டி.வி. வாங்கும்போது அதைச் சுற்றி ஷோகேஸ் செய்ய வேண்டும் என்று என் மனைவி கேட்டுக் கேட்டு வாங்கி வைத்தவை. நான்கு வருஷமாக எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கின்றன. டி.வி.தான் இன்னும் வரவில்லை. அவள் பலகையை நான் எப்படிச் சொல்வது?

டிபன் கேரியரோடு வந்து ஓரமாக நின்றிருந்தவள் அவளே சொன்னாள். "பரண்ல இருக்குதே, அதை எறக்குங்க."

"ஷோகேஸ்?"

"அதுல வெக்கறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்குது, ரெண்டு வெங்கலக் கப்பு. மொதல்ல அக்கரைப் பால் வரட்டும். காலையில காப்பி இல்லாம என்னால ஆகாது."

கூட்டம் சிரித்தது. நான்கு பேர் ஓடினார்கள், பலகையை இறக்க.

அன்று மத்தியானமே பாய் இரண்டு பலகைகளையும் நீளவாக்கில் அறுத்து மூன்று சட்டங்களாக்கிவிட்டார். இழைக்கும்போது ஒரு அம்மாள் பழக்க தோஷத்தில் கிண்ணத்தோடு வந்துவிட்டார். பாய் உளியைக் காட்டி அவரைத் துரத்தினார் என்றே சொல்ல வேண்டும்!

திங்கட்கிழமை காலை வேலை தொடங்கியது. அந்த ரெசினில் ஹார்டனர் கலந்துவிட்டால் வெயிலில் கால் மணி நேரம்கூடப் பொறுக்காது, கல்லாகிவிடும். "மாதப்பண்ணே, அந்த நாரு! பாய், பிரஷ்! காத்துக் குமிழி விடாதீங்க, அழுத்துங்க!" என்று சுமதி போட்ட சத்தம் அக்கரைக்குக் கேட்டது. சட்டங்கள் நேராக இருக்கின்றனவா என்று கயிறு பிடிக்கும் வேலை எனக்கு. பழைய சங்கிலி வளையங்களை எண்ணுவது போல என் வாய் முணுமுணுத்திருக்கும் போலிருக்கிறது.

"எண்ணாதீங்க மாமா, பிடிங்க!"

பிடித்தேன். கரையில் என் மகன் குழந்தையை வைத்துக்கொண்டு, மனைவி வேலை செய்வதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று சட்டங்களும் ஃபைபருக்குள் புதைந்து மறைந்தன. செவ்வாய்க்கிழமை இருக்கைகள் ஏறின. சுமதி அதே கரண்டியை எடுத்து முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டு போனாள். டக். டக். டக். இந்த முறை நான் எண்ணவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

புதன்கிழமை அதிகாரி வந்தார். தட்டினார். நடுவில் நின்று ஒரு குதி குதித்தார். மாதப்பன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு அவர் புது இருக்கையில் உட்கார்ந்து, "அக்கரைக்கு விடுப்பா" என்றார்.

படகு போனது. திரும்பி வந்தது. அவர் இறங்கி, "யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

பாஷா பாய் முந்திக்கொண்டார். "அந்தப் பாப்பாதாங்க. எங்க சர்வேயர் சார் மருமக."

அவர் சுமதியைப் பார்த்தார், படகைப் பார்த்தார். "ஓட்டுங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பால் கேனு ஏத்துங்கப்பா, நேரமாச்சு!" என்று குரல் கொடுத்தார்.

ஜீப்பை நோக்கிப் போகிறவரிடமிருந்து நாங்கள் யாரும் கண்ணை எடுக்கவில்லை. அதிகாரியின் வெள்ளை பேண்ட்டின் பின்பக்கத்தில், வாத்தியார் ஸ்கேல் வைத்துப் போட்டது போல, நேராக மூன்று எண்ணெய்க் கோடுகள்! சொல்லலாமா, வேண்டாமா? சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அன்று முதல் படகில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் அந்தக் கோடுகள் உண்டு. என் வேட்டியிலும் இருக்கின்றன.

அரூர் பஸ்ஸில், பின்பக்கம் மூன்று எண்ணெய்க் கோடுகளோடு யாராவது ஏறினால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள் — எங்கள் ஊர்க்காரர்.