சப்பளிந்த தோட்டாக் கோது

சுட்டு முடிந்த தோட்டாக் கோதின், அதாவது வெற்றுப் பித்தளைக் கூட்டின், அடியை நகத்தால் தடவினால், நடுவிலுள்ள ‘பிரைமர்’ என்னும் சின்ன மூடியின் ஓரம் மொழுமொழுவென்று உருண்டையாக இருக்க வேண்டும். அன்று அது தட்டைவடை மாதிரிச் சப்பளிந்து கிடந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊரைவிட்டு வந்து குடியேறிய புரோசார்ட் நகர வீட்டுப் பேஸ்மென்டில், சுட்ட கோதுகளில் புது வெடிமருந்து நிரப்பி, மான் வேட்டைக்கான தோட்டாக்களை அப்பா தானே அடைக்கப் பழகிய வருடம் அது. கூட்டாளி, அவருடைய தம்பி, என் சித்தப்பா. அவரும் அப்போதுதான் பழகுகிறார், வாய்ச்சவடால் மட்டும் பழுத்த வேட்டைக்காரனுடையது. துப்பாக்கியைச் சொல்லும் ‘துவக்கு’ என்ற சொல் காதில் விழுந்தாலே அம்மா சீறுவார்: “துவக்குக்குப் பயந்து ஓடிவந்துபோட்டு, இஞ்சை அதுக்குச் சமைச்சுப் போடுறியளோ?”

ஆங்கிலக் கையேட்டை வாசித்துச் சொல்வதும், சுட்ட கோதுகளைப் பொறுக்கித் துடைப்பதும் என் வேலை. மூக்கு உறையும் பனிக்குளிரில் சுட்டுப் பார்த்து, மருந்தைக் கையேட்டின் உச்ச அளவுவரை ஏற்றி, இதுதான் சரி என்று இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். அதே தோட்டாக்களை ஆடி வெயிலில் சுடுதளத்து மேசையில் காயவிட்டுச் சுட்டால், சூடேறிய மருந்து சும்மா இருக்குமா? முதல் வெடியிலேயே துவக்கின் பின்பக்க அடைப்பான போல்ட் இறுகிவிட்டது. அப்பா முக்கி முக்கித்தான் திறந்தார். விழுந்த கோதை எடுத்துப் பார்த்தேன்.

“அப்பா, இனிச் சுடாதேங்கோ. அமுக்கம் கூடிப்போச்சு. இப்பிடிச் சப்பளிஞ்சால் நிப்பாட்டச் சொல்லிப் புத்தகத்திலை கிடக்கு.”

“எண்ணெய் காணாது, வேறையொண்டுமில்லை,” என்றார் சித்தப்பா. “பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன துவக்குக் கதை?”

அப்பா என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், எண்ணெய் விட்ட துவக்கை எடுத்தார். “உங்கடை கண் போயிடும் அப்பா!” என்று கத்தினேன். “சும்மா இரு பிள்ளை,” என்றார்.

அடுத்த வெடியில் பிரைமர் கிழிந்து, கொதிவாயு பின்பக்கமாகச் சீறி, அவருடைய பாதுகாப்புக் கண்ணாடியைக் கரியாக்கியது. கண்ணாடி மட்டும் இல்லையென்றால்?

வீட்டில் அம்மா கேட்டதும் சித்தப்பா கூசாமல் சொன்னார்: “இவள்தான் மருந்து நிறுக்கிற தராசைத் தட்டி அளவைக் குழப்பியிருப்பாள்.” நான் தராசுப் பக்கமே போனதில்லை. அது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் கரிபிடித்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா?

இன்று துவக்கும் இல்லை, பேஸ்மென்ட் மேசையும் இல்லை. சித்தப்பாவின் வாய்தான் அப்படியே இருக்கிறது. லவாலில் இருக்கிற சொந்தக்காரர் யாருடைய பிறந்தநாள் விழா என்றாலும் தொடங்கிவிடுவார்: “நான் அண்டைக்கே நிப்பாட்டுங்கோ எண்டனான், அண்ணைதான் கேக்கேல்லை.” அப்பாவும் “ஓம், ஓம்” என்று தலையாட்டுவார். போய்விடுமே என்று நான் கத்திய அந்தக் கண்கள், அந்த நேரம் மட்டும் என் பக்கம் திரும்புவதேயில்லை.