சத்தியம் செய்யாத சாட்சி

ஆவெகோப்பேயில் பங்சர் ஒட்டுகிற மவூசிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அவள் பெயருக்கு அர்த்தமே 'கடவுளின் கையில்' என்பதுதான். அதைச் சொல்லி வம்பிழுக்காத லாரி டிரைவர் அக்ரா சாலையில் இல்லை.

"என்ன மவூசி, சாமி உன் கையை விட்டுடுச்சா?"

"அது கையை நான்தான் விட்டுட்டேன். சக்கரத்தைக் கழட்டு, பேச்சைக் குறை."

கேலியோடு நின்றிருந்தால் அவளும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். சந்தையில் ஒரு கோழி காணாமல் போனாலும் முதலில் அவளுடைய கொட்டகைக்குள்தான் எட்டிப் பார்த்தார்கள். "சாமிக்கே பயப்படாதவ, வேற எதுக்குப் பயப்படப் போறா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். கோழி பிறகு யார் வீட்டுக் குழம்பில் கொதித்தாலும் அவளிடம் வந்து தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

திருட்டு என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு ரத்தம் கொதிக்கும். அதற்குக் காரணம் இருந்தது.

அவள் சிறுமியாக இருந்தபோது அவள் சித்தப்பன் அக்பெகோ பக்கத்து ஊர் விதவை ஒருத்தியின் தங்கச் சங்கிலியைத் திருடினான். அந்த விதவை ஆற்றுக்கு அப்பால் இருந்த கோயிலுக்குப் போய் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டாள். அதற்குப் பிறகு மவூசியின் குடும்பத்தில் அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்தது. குறி கேட்டார்கள். குடும்பத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையைக் கொடுத்தால்தான் சாமி அடங்கும் என்றான் குறி சொன்னவன். திருடினவன் எங்கே என்று அந்தச் சாமியும் கேட்கவில்லை, பூசாரியும் கேட்கவில்லை. அக்பெகோ எல்லை தாண்டி லோமேயில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்தவன் மரத்து இலையைக்கூடக் கிள்ளாதவர் மவூசியின் அப்பா. அவர்தான் ஒரு ஜின் பாட்டிலையும் வெள்ளைத் துணியையும் எடுத்துக்கொண்டு, மகளைப் படகில் ஏற்றிக் கூட்டிப்போய்ப் பூசாரியின் முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தார். அப்படிக் கொடுக்கப்பட்ட பெண்ணை ட்ரோகோசி என்பார்கள். தெய்வத்தின் அடிமை. கோயில் நிலத்தை அவள் கொத்தினாள், விளைந்த மரவள்ளியைப் பூசாரி வீட்டில் தின்றார்கள். அதில் ஒரு கிழங்கைத் தொட்டாலும் அடி விழும். ஒரு தடவை தப்பி ஓடி, நீந்தியும் நடந்தும் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்பா அவளைக் கட்டிப் பிடித்து அழுதார். அழுதுகொண்டே மறுபடியும் படகில் ஏற்றினார்.

"நீ இங்க இருந்தா நாங்க எல்லாருமே செத்துப்போவோம்மா. உன் தம்பியைப் பாரு. அவன் சாகணுமா?"

அவர் கெட்டவராக இருந்திருந்தால்கூட மவூசிக்கு ஆறியிருக்கும். நல்ல மனிதர். அந்த நல்ல மனிதரின் கையாலேயே இதைச் செய்யவைத்தது எதுவோ, அதன்மேல்தான் அவளுக்குக் கோபம்.

வளர்ந்து பெரியவளான பிறகு ஒரு நாள் சபைக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். பூசாரிக்கு மாடுகளைக் கொடுத்து, அங்கிருந்த பெண்களை மீட்டார்கள். ஆளுக்கொரு பைபிளும் ஒரு தையல் மிஷினும் கொடுத்தார்கள். மவூசி நன்றி மறக்கவில்லை. ஞாயிறு தவறாமல் போனாள், பாடினாள், மனசாரக் கைதட்டினாள். மிஷினை மட்டும் விற்றுவிட்டுக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் வாங்கிக்கொண்டாள். தையல் அவளுக்கு ஆகாது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபைக்கே அக்பெகோ வந்தான். தொப்பை விழுந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடை ஏறினான். "நான் திருடனாக இருந்தேன்! கர்த்தர் என் பாவத்தைக் கழுவிட்டார்!" என்றான். சபையே எழுந்து ஆடியது. மவூசி ஆடவில்லை.

"அவன் பாவத்தைக் கழுவியாச்சு. அந்தப் பாவத்துக்கு நான் கொத்தின நிலத்தை என்ன செய்யப் போறீங்க? அவன்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மன்னிச்சிடு மகளே" என்றார் பாஸ்டர். "மன்னிப்புதான் விடுதலை."

"அவனுக்கு" என்றாள் மவூசி. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு எந்தச் சாமியின் வாசலிலும் அவள் செருப்பைக் கழற்றவில்லை.

அவளோடு ஒட்டிக்கொண்டிருந்தது எசினாம் ஒருத்திதான். கொட்டகைக்குப் பக்கத்தில் பொரித்த மீனும் அபோலோ என்கிற ஆவியில் வெந்த சோள ரொட்டியும் விற்பாள். சபையில் முதல் வரிசை. "உனக்கும் சேர்த்து நான்தான்டி ஜெபம் பண்றேன்" என்பாள். "பண்ணு. மீனைத் தீய விடாதே" என்பாள் மவூசி.

ஹர்மட்டான் புழுதிக்காற்று அடித்த ஒரு காலையில் எசினாம் தட்டைத் தலையில் வைத்துச் சாலை ஓரமாக வந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு மினி பஸ் வந்து அவளைச் சாய்த்துப் போட்டது. ஒரு கணம் நின்றது. ஓட்டினவன் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தான். உடனே வேகமெடுத்துப் போய்விட்டது. மவூசிக்கு முகம் நன்றாகத் தெரிந்தது. எசினாமின் சபை மூப்பர் அமுஸு. இரவெல்லாம் ஜெபக்கூட்டம் நடத்திவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு சபை வண்டியை ஓட்டி வந்திருக்கிறார். வண்டியின் பின் கண்ணாடியில் 'அவர் கண்கள் காண்கின்றன' என்று பெரிதாக எழுதியிருந்தது.

எசினாமின் ஒரு காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். போலீஸ் போய்ப் பார்க்கிறதற்குள் வண்டிக்குப் புது விளக்கும் புதுப் பெயின்டும் வந்துவிட்டது.

மவூசி ஆஸ்பத்திரிக்குப் போனபோது எசினாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மூப்பர் வந்தாருடி. தலையில கை வச்சு ஜெபம் பண்ணினாரு. யாரு இடிச்சிருந்தாலும் மன்னிச்சிடுன்னு சொல்லிட்டுப் போனாரு."

"தான்தான் இடிச்சேன்னு ஒத்துக்கிட்டாரா?"

"வண்டி சபையை விட்டு நகரவே இல்லையாம்."

"நகராத வண்டியை எதுக்குடி மன்னிக்கணும்?"

எசினாம் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பேசு! வாயில என்ன, அபோலோவா? காலை வெட்டிப் போட்டுட்டு வந்து தலையைத் தடவிட்டுப் போறான், நீ கண்ணை மூடிக்கிட்டு ஆமென் சொல்றியா?"

"கத்தாதேடி. நர்ஸ் வர்றா."

"வரட்டும்!"

வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் வந்தது. மூப்பர் அமுஸு பைபிளை நெஞ்சுக்கு நேரே உயர்த்திச் சத்தியம் செய்தார். வண்டி மத்தியானம்வரை சபை வளாகத்திலேயே நின்றது என்றார். அவருக்குப் பின்னால் பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர் அதே பைபிளைப் பிடித்து அதையே சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி யாய்ரா, கைக்குழந்தைக்காரி. அவள் சொன்னது முன் பெஞ்சுக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லும்மா என்றார் மாஜிஸ்திரேட்.

மவூசியின் முறை வந்தது. குமாஸ்தா பைபிளை நீட்டினான். அவள் வாங்கவில்லை. குர்ஆனை எடுத்தான். தலையை ஆட்டினாள்.

"அப்போ ஊர்ச் சாமி பேர்ல சொல்றீங்களா?" என்றான்.

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. மவூசியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"எந்தச் சாமி பேர்லயும் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்றேன். அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கா, இல்லையா?"

இடம் இருக்கிறது என்றார் மாஜிஸ்திரேட். வெறும் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, பார்த்ததை அப்படியே சொன்னாள். மூப்பரின் வக்கீல் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"உங்களுக்குக் கடவுள் இல்லை. அப்போ நரகமும் இல்லை. பொய் சொன்னா உங்களுக்கு என்னம்மா நஷ்டம்?"

"எசினாமுக்குக் கால் போச்சு. அந்த நஷ்டம் போதாதா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. உங்களைப் பொய் சொல்ல விடாம எது தடுக்குது?"

"இவங்க மூணு பேருக்கும் நரகம் இருக்கே, அது ஏன் தடுக்கல?"

"சாட்சி வரம்பு மீறுறாங்க" என்றார் வக்கீல்.

"நானா மீறுறேன்?" மவூசி கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்தாள். "சாமிக்குப் பயந்தவர்தான் என் அப்பா. அந்தப் பயத்துலதான், எவனோ திருடினதுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டாரு. பூசாரி சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் என்னை அடிச்சான். திருடினவன் சாமியைக் கும்பிட்டுட்டு வெள்ளைச் சட்டையோட திரியிறான். பயம் தடுக்கும்னு என்கிட்ட சொல்லாதீங்க. பயம் என்னென்ன செய்ய வைக்கும்னு என் முதுகைப் பாருங்க, தெரியும்!"

மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். ஒரு பக்கம் மூன்று சத்தியம், மறுபக்கம் ஒரேயொரு உறுதிமொழி. தீர்ப்புக்கு வேறு தேதி கொடுத்தார். வெளியே வந்தபோது ஒருத்தி மவூசியின் காலடியில் துப்பினாள்.

தீர்ப்புக்கு முந்தின வாரம் யாய்ரா கொட்டகைக்கு வந்தாள். முதுகில் கட்டியிருந்த குழந்தையின் தலை துவண்டு தொங்கியது.

"டாவி" என்றாள். மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மவூசியை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "நான் அந்த வண்டிக்குள்ளதான் இருந்தேன். பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன். சாமி என் பிள்ளையை எடுத்துக்கப் போகுது."

மவூசி குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். நெருப்பாகக் கொதித்தது.

"எத்தனை நாளா?"

"நேத்திலேருந்து. பாஸ்டர் எண்ணெய் பூசினாரு..."

"எண்ணெய் பூச இது என்ன மீனா? நட!"

வழிநெடுகத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மலேரியா. ஊசி போட்டு, பாட்டில் ஏற்றினார்கள். மறுநாள் குழந்தை கண் திறந்து பால் குடித்தது. அதைப் பார்த்ததும் மவூசிக்கு நிம்மதிக்குப் பதிலாக எரிச்சல்தான் வந்தது.

"காய்ச்சல் விட்டுடுச்சு. உன் சாமி கோபமும் தணிஞ்சுடுச்சு. இனிமே எதுக்கு நீ கோர்ட்டுக்கு வரப்போறே?"

"வருவேன், டாவி."

"ஏன்? இன்னும் பயமா?"

யாய்ரா குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயம்தான். ஆனா அது மட்டும் இல்ல. கண்ணை மூடினா அந்த வண்டி குலுங்கினது தெரியுது. நாங்க எல்லாரும் கத்தினோம். நிறுத்துங்கன்னேன். ரெண்டாவது தடவை சொல்லலை. ரெண்டாவது தடவை சொல்லியிருக்கணும்."

மவூசி குழந்தையின் நெற்றியை மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

யாய்ரா கோர்ட்டில் எழுந்து, தான் சொன்னது பொய் என்றாள். பாடகர் குழுவின் மற்ற சாட்சியும் அன்றைக்கே உடைந்தான். மூப்பருக்குச் சிறை. யாய்ரா குழந்தைக்காரி என்பதால் எச்சரித்து விட்டார்கள். ஊர் சும்மா இருக்குமா? "பார்த்தியா, கர்த்தர் விடமாட்டார்! குழந்தையைத் தொட்டு உண்மையைக் கக்க வச்சார்!" என்று சந்தை முழுக்க ஒரே பேச்சு. மவூசியின் பெயரை யாரும் எடுக்கவில்லை. எடுத்தவர்களும் 'அந்தக் கடவுள் இல்லாதவளைக்கூட' என்றுதான் ஆரம்பித்தார்கள்.

பாஸ்டர் கொட்டகைக்கு வந்தார். நன்றி ஆராதனைக்கு அவள் வந்து மேடையில் நிற்கவேண்டுமாம்.

"தேவன் உன்னை ஒரு கருவியாகப் பயன்படுத்தியிருக்கார், மகளே."

மவூசி டயரை நெம்புகிற இரும்பு லிவரை உருவினாள்.

"என்னை ஒரு சாமி பயன்படுத்தினது போதும் பாஸ்டர். வண்டி நிறைய உங்க ஆளுங்க இருந்தாங்களே, அந்தக் கருவியெல்லாம் என்ன ஆச்சு? துரு பிடிச்சுப் போச்சா? அந்தப் பச்சைக் குழந்தையைக் காய்ச்சல்ல போட்டுத்தான் உங்க தேவன் உண்மை பேசணுமா? அப்படிப்பட்டவன் என் வாசலுக்கு வந்தா இந்த இரும்பாலேயே கேப்பேன். நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

அவர் நகர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எசினாம் ஊன்றுகோலோடு ஆராதனைக்குப் புறப்பட்டாள். மவூசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உச்சி வெயிலில் எசினாம் திரும்பி வந்து, ஒரு பழைய டயரின்மேல் மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

"மைக்கைக் கொடுத்தாங்க. கர்த்தருக்கு நன்றின்னேன். அப்புறம் மவூசிக்கு நன்றின்னேன். அவ ஒருத்திதான் உண்மையைச் சொன்னா, நீங்க எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்கன்னேன். சட்டுனு பாட்டை ஆரம்பிச்சுட்டாங்க."

"இன்னமும் அங்க போவியா?"

"போவேன். அது என் சபை. அமுஸு ஒருத்தன் சபை இல்ல. நீ போகச் சொன்னாலும் போவேன், வேணாம்னாலும் போவேன்."

"ஒத்தைக் காலோட போய் முதல் வரிசையில நில்லு!"

"நிப்பேன்டி!"

இரண்டு பேரும் கத்தினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மாட்டு லாரி காற்றுப்போன சக்கரத்தோடு நொண்டி நொண்டி வந்து நின்றது. டிரைவர் வாயைத் திறக்கும் முன்பே, "பேசாம சக்கரத்தைக் கழட்டு" என்றாள் மவூசி. கழற்றின டயரைத் தரையில் போட்டுச் சுத்தியலால் அடித்தாள். அதற்கு அவ்வளவு அடி தேவையில்லை.