நான் அடித்த நான்கு பெயர்கள்

"தொலைஞ்ச மாட்டைத் தேடிப் போறப்ப கயித்தைக் கண்ணுல காட்டாத, கையில..." என்று என் பெரியப்பா சொல்வார். கையில் எதைக் கொண்டுபோகச் சொன்னார் என்பது மறந்துவிட்டது. தவிடா, புல்லா, தெரியவில்லை. வாத்தியார் வேலைக்கு அந்தப் பின்பாதிதான் தேவைப்பட்டது.

மைசூர்ப் பக்கம் கன்னடமும் தமிழும் படித்து, அங்கேயே இருபது வருஷம் சொல்லியும் கொடுத்துவிட்டு, நாற்பத்தேழாவது வயதில் வத்தல்மலை அடிவாரத்துப் போர்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். இந்தத் தொழிலில் பாதி, பாடம் நடத்துவது. மீதிப் பாதி, மணியடித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது. நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு மாதம் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மசியால் அடித்துவிட வேண்டும் என்று விதி. வந்த புதிதில் எனக்கு விதிகள் மேல் பிரியம் அதிகம். ஐந்தாம் வகுப்பில் நான்கு பெயர்களை, அடிக்கோல் வைத்து, கோணாமல் அடித்தேன்.

மறுவாரமே இன்ஸ்பெக்டரிடமிருந்து கடிதம். அடுத்த முறை அவர் வரும்போது பட்டியலில் பத்துப் பேர் இல்லாவிட்டால் ஐந்தாம் வகுப்பை எடுத்துவிடுவார்களாம். எண்ணினேன். ஆறு பேர். வகுப்பு போனால் அந்த ஆறு பேரும் தர்மபுரிக்கு நடந்துபோய்ப் படிக்க வேண்டும். படிக்க மாட்டார்கள், ஆடு மேய்ப்பார்கள். அன்றிலிருந்து எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. குடையையும் ரிஜிஸ்தரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு நிஜார்

முதலில் மாரி, முருகன் என்ற அண்ணன் தம்பி. இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருவார்கள். இவன் வந்தால் அவன் வரமாட்டான். "தினம் வர்றதானா வா, இல்லைன்னா வூட்டுல இரு" என்று நான்தான் அதட்டியிருந்தேன். இருவரும் சொன்ன பேச்சைக் கேட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

கடலைக் காட்டில் அவர்களைக் கண்டுபிடித்தேன். மூத்தவன் நிஜாரோடு செடி பிடுங்கிக்கொண்டிருந்தான். இளையவன் கோமணத்தோடு என்னைக் கண்டதும் வரப்புக்குப் பின்னால் குந்திக்கொண்டான். துணியெல்லாம் சண்டைக்குப் போய்விட்ட காலம் அது. வீட்டில் இருந்தது ஒரே நிஜார். முறைபோட்டு வாருங்கள், இனி அதட்ட மாட்டேன் என்றேன். ஒருநாள் பாடம் விட்டுப்போகுமே என்று எனக்கே கவலையாக இருந்தது. வரப்புக்குப் பின்னாலிருந்து இளையவன் சொன்னான்: "விட்டுப்போவாதுங்க அய்யா, அவன் படிச்சுட்டு வந்ததை நிஜாரோட சேத்து எனக்குக் குடுத்துருவான்."

ஊசி

மூன்றாவது பையன் பசவன். கன்னடம் பேசும் குடும்பம். வாசலில் நான் நின்றதும் அவன் அம்மா கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே குதிருக்குப் பின்னால் யாரோ தும்மும் சத்தம். குடை, நோட்டு, செருப்பு என்று ஊருக்குள் வருகிறவர் அம்மை குத்துகிறவர் ஒருவர்தான் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

நமக்குத்தான் கன்னடம் தெரியுமே என்று, பள்ளிக்கூடத்துக் கன்னடத்தில், இலக்கண சுத்தமாக, பையனின் படிப்பைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் கதவோடு பேசினேன். அரை நாழிகை பேசியிருப்பேன். கதவு ஒரு விரற்கடை திறந்தது. அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் கன்னடத்தில் கேட்டாள்: "எல்லாம் நல்லாத்தான் பேசறீங்க சாமி, ஊசியை எந்தப் பையில வெச்சிருக்கீங்க?"

இரண்டு சட்டைப்பையையும் வெளியே இழுத்துக் காட்டிய பிறகுதான் பசவன் குதிருக்குப் பின்னாலிருந்து வந்தான்.

உதவி வாத்தியாரின் யோசனை

ஒன்பது ஆயிற்று. பத்தாவது பெயர் ராமாயி. வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவள். அவள் அப்பா பொன்னன், மலையிலிருந்து இறங்கி அடிவாரத்தில் பண்ணையம் பார்த்தவர். சாமை அறுப்புக்கு மேலே போன குடும்பம் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் வர இன்னும் இரண்டு நாள்.

உதவி வாத்தியார் சின்னசாமிக்கு இதெல்லாம் வீண் அலைச்சல். தினமும் ராமாயி வந்ததாக எழுதிவிட்டு, இன்ஸ்பெக்டர் வரும் அன்று மட்டும் தன் அக்கா மகளை அவள் இடத்தில் உட்கார வைத்துவிடலாம் என்றார். நான் கோபித்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. "வராத புள்ளைக்காக மலை ஏறுறீங்க, வர்ற ஒம்பது பேரும் நீங்க எங்கேன்னு என்னைக் கேக்குதுங்க" என்றார்.

மூன்றாம் எண்

மலை ஏறி முடிக்க மதியமாகிவிட்டது. பொன்னன் மரியாதையாகக் கட்டில் போட்டார், மோர் கொடுத்தார். மகளை அனுப்பும் பேச்சு வந்தால் மட்டும் சாமை விளைச்சலுக்குத் தாவினார். ராமாயி உரலுக்குப் பக்கத்தில் நின்று என் கையிலிருந்த ரிஜிஸ்தரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பொன்னன் சொன்னார். அறுப்பு முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார். அன்று நான் ஊரில் இல்லை. பெயரை அடித்தாயிற்று என்று சின்னசாமி ரிஜிஸ்தரைப் பிரித்துக் காட்டியிருக்கிறார், என்னிடம் அதைச் சொல்லவில்லை. பொன்னனுக்கு எழுத்துத் தெரியாது. ராமாயிதான் தன் பெயரை விரல் வைத்து வாசித்தாள், மேலே ஓடிய சிவப்புக் கோட்டோடு. "எங்கூர்ல செத்தவங்க பேரை மட்டுந்தாங்க மணியக்காரர் அடிப்பாரு. அன்னைக்கிருந்து இவங்காத்தா இவளை மலையெறங்க வுடமாட்டேங்கறா" என்றார்.

இது வெறும் விதி, சாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குள் அவள் அம்மா திருகையை வேகமாகச் சுற்றினாள். அங்கேயே பேனாவை எடுத்து, பட்டியலின் கடைசியில், திரும்பி வந்த மூவருக்கும் கீழே, ராமாயி என்று கறுப்பு மசியில் எழுதினேன். அவள் கிட்டே வந்து வாசித்தாள். பிறகு விரலை மேலே நகர்த்தி மூன்றாம் எண்ணில் வைத்தாள். கோடு அங்கேயே இருந்தது.

"கீழ இருக்கறது நானுங்க அய்யா. மேல இருக்கறது யாருங்க?" என்றாள்.

மலையிலிருந்து இறங்கிய கையோடு அந்த ரிஜிஸ்தரை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டு, புது நோட்டில் பத்துப் பெயரையும், வராத நாட்களை வராத நாட்களாகவே போட்டு, ராமாயியை மூன்றாம் எண்ணில் வைத்து, கறுப்பு மசியில் எழுதினேன்.