பிரதம விருந்தினரை விழுத்திய கதை

எங்கள் ஆட்கள் ஒருவரைக் கௌரவிக்கத் தொடங்கினால் அவர் தப்பிப் போவது கஷ்டம். சுவிஸின் லாங்கன்தாலில் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகம் நடத்திய கோடைகால உதைபந்தாட்டப் போட்டியில் அதைக் கண்ணால் கண்டேன். கழகத்தின் தலைவர் என் கணவர். அவருக்குப் பந்தில் உள்ள ஆசையைவிட மைக்கில் உள்ள ஆசை பெரிது.

அந்த வருடம் பிரதம விருந்தினர் ஓர் இங்கிலாந்துக்காரர். ஒரு காலத்தில் பேர்போன முன்கள வீரர். ஓய்வுபெற்றபின் சுவிஸ்கார மனைவியோடு அவளுடைய ஊரிலேயே குடியிருந்தார். நான் வேலை செய்யும் பல் வைத்தியரிடம் வருவார். ஆங்கிலம் தெரிந்த பாவத்துக்கு அவரை அழைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பழைய வீரர்களின் ஆட்டத்தில் பத்து நிமிடம் தன்னை விளையாட விடவேண்டும்.

காரில் வரும்போது காரணத்தையும் சொன்னார். அவருடைய கடைசி ஆட்டத்தில் முழங்கால் திரும்பி, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்களாம். ஆட்டம் முடிந்த விசிலை அம்புலன்ஸுக்குள் கிடந்து கேட்டாராம். "விசில் ஊதும்போது நான் மைதானத்தில் நிற்கவேண்டும். பிறகு என் காலால் நடந்து வெளியே வரவேண்டும். அவ்வளவுதான்." மனைவிக்குத் தெரியாமல் விளையாட்டுச் சப்பாத்தைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கமாகப் போய்விட்டது.

எங்கள் கழகத்துக்கு இரக்கம் எல்லாம் கிடையாது, மரியாதை மட்டும்தான். முதலில் மாலை. பிறகு குத்துவிளக்கு, காற்றில் அது பற்ற மாட்டேன் என்றது. பிறகு பொன்னாடைகள். கழகம் ஒன்று, பலசரக்குக் கடைக்காரர் ஒன்று, தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று. எங்கள் எல்லோருக்கும் காப்புறுதி விற்ற தம்பி, மற்றவர்களுடையதைவிட மொத்தமான ஒன்று. அந்த வெயிலில் மனிதர் அவிந்துகொண்டிருந்தார்.

அதன்பின் என் கணவர் விருந்தினரின் வாழ்க்கை வரலாற்றை வாசித்தார். சுரங்கத் தொழிலாளியின் மகன், பசியோடு வெறுங்காலில் பந்து உதைத்தவர் என்று குரல் தழுதழுத்தது. நான் அதை மெதுவாக மொழிபெயர்த்தேன். "என் அப்பா சப்பாத்துக் கடை வைத்திருந்தார்" என்றார் விருந்தினர். ஏழ்மை இல்லாத பெரிய மனிதரை எங்கள் மேடை ஏற்றுக்கொள்ளாது என்பதை நான் அவருக்கு எப்படி விளக்குவது? கோல்களையும் கிண்ணங்களையும் எல்லாம் கூட்டிச் சொன்ன கணவர், அந்த ஸ்ட்ரெச்சரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"என் ஆட்டம் எப்போது?" என்று ஒவ்வொரு பேச்சாளர் இறங்கியபோதும் அவர் என்னைக் கேட்டார். ஆறு மணிக்கு மைதானத்தைப் பூட்டிவிடுவார்கள். இந்த நாட்டில் ஆறு என்றால் ஆறுதான். ஐந்தரைக்குக் கணவர் என்னிடம் வந்து, பழைய வீரர்களின் ஆட்டத்தைக் கைவிடுவோம் என்றார்.

"இஞ்சேருங்கோ, அந்த மனிசன் சப்பாத்தோட வந்து இருக்குது. விளையாட விடாட்டி நானே மைக்கைப் பிடிச்சு எல்லாருக்கும் சொல்லுவன்."

மைக் என்றதும் பயந்துவிட்டார். ஆட்டம் தொடங்கியது.

அதுதான் இன்னும் கேவலம். வேறு நாட்களில் ஒரு கோர்னர் உதைக்காக மச்சானின் முழங்காலை உடைக்கப் பின்நிற்காதவர்கள், விருந்தினரிடம் பந்து போனதும் கோயில் வீதியில் தேருக்கு விலகுவதுபோல விலகினார்கள். கோல்காப்பாளர் வேண்டுமென்றே மறுபக்கம் பாய்ந்து விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே கைதட்டினார். இரண்டாவது கோலும் அப்படியே. விருந்தினர் சிவந்த முகத்தோடு என்னிடம் வந்தார். "நான் செத்துப்போனேன் என்று நினைக்கிறார்களா?"

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. எதிரணியில் தொப்பையோடு நின்ற கணவரைப் பார்த்துக் கத்தினேன். "அந்தாளை மறியுங்கோவன்!"

"உமக்கென்ன விசரே? பிரதம விருந்தினருக்கு ஆர் காலைப் போடுறது?"

"உங்களுக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோ. மைக்கில மட்டும்தான் வீரம்."

சபையில் பட்ட அவமானத்தை அவர் அந்த மனிதரின் காலில் காட்டினார். பந்தோடு வந்தவரை ஓடிப்போய்ச் சறுக்கி இடறினார். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். காப்புறுதித் தம்பி தண்ணீர்ப் போத்தலோடு ஓடினார். அதே முழங்காலாக இருந்தால்?

விருந்தினர் புல்லில் மல்லாந்து கிடந்து சிரித்தார். தூக்க வந்த கைகளைத் தட்டிவிட்டுத் தானே எழும்பினார். ஃப்ரீ கிக் கேட்டு, பந்தை வைத்து, பக்கத்துச் சோளத் தோட்டத்துக்குள் அடித்தார். உடனே ஆட்டம் முடிந்த விசிலை ஊதினார்கள். இடுப்பில் கைவைத்து நின்று அதை முழுக்கக் கேட்டார். பிறகு நொண்டாமல் நடந்து வெளியே வந்தார்.

மாதக் கடைசியில் கூடிய நிர்வாகக்குழு, விருந்தினரை அவமதித்ததற்காகக் கணவரைத் தலைவர் பதவியிலிருந்து தூக்கியது. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பொன்னாடைகளை எல்லாம் எங்கள் காரிலேயே மறந்துவிட்டு இறங்கிய அந்த மனிதர், என்னிடம் கேட்டுப்போன ஒன்றை அப்போதுதான் கணவருக்குச் சொன்னேன்: அடுத்த வருடமும் உன் கணவர் எனக்கெதிராக விளையாடுவாரா?

"உண்மையா அப்பிடிக் கேட்டவரோ?"

"ஓம்."

எழுந்துபோய், அன்றிலிருந்து புல்லும் மண்ணும் ஒட்டிக் கிடந்த தன் சப்பாத்தைக் கழுவத் தொடங்கினார்.