மருமகளின் கொடியில் ஏறிய மஞ்சள்

பெயிண்ட் கடையில் அவளுக்குக் கலர் அக்கா என்று பெயர். யாராவது ஒரு சட்டைப் பொத்தானை நீட்டி "இதே கலர் வேணும்" என்றால் போதும். இதில் ஒரு சொட்டு, அதில் ஒரு சொட்டு என்று விட்டுக் கலக்கி, அட்டையில் தடவி, காய்ந்ததும் பொத்தானை அதன்மேல் வைத்துக் காட்டுவாள். பொத்தானைத் தேடத்தான் வேண்டியிருக்கும். கலவை இயந்திரம் மக்கர் செய்த நாளில்கூட முதலாளி பதறியதில்லை.

அவள் கணவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர். பெண்டாட்டி உலகத்து நிறத்தையெல்லாம் கலக்கிக்கொண்டிருக்க, இவருக்குத் தெரிந்தது வெள்ளை ஒன்றுதான் என்று தெருவே கிண்டல் செய்யும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்பேர்ப்பட்ட வீட்டில் மகனும் மருமகளும் இருக்கும் அறை மட்டும் கல்யாணமானதிலிருந்து வெறும் சிமெண்டுச் சுவராக நின்றது. மருமகள் வாய்திறந்து ஒரு நிறம் சொன்னால்தானே? எத்தனை அட்டையை விரித்துக் காட்டினாலும் "எதுவா இருந்தாலும் சரி அத்தை" என்பாள். ஜன்னலைச் சாத்தட்டுமா? சரி. விளக்கை அணைக்கட்டுமா? சரி. விருந்தாளிதான் எல்லாவற்றுக்கும் சரி சொல்வாள். இந்தப் பெண் எப்போது இந்த வீட்டுக்காரி ஆவாள் என்பதுதான் கலர் அக்காவுக்கு ஒரே மனக்குறை.

அந்தப் பெண் வேலைப் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பியபோதுதான் முதல்முறையாக வாய்விட்டு ஒன்று கேட்டாள். பால்கனித் தொட்டியில் அவளே விதை போட்டு வளர்த்த பேஷன் ஃப்ரூட் கொடி, சுருள் சுருளாகக் கம்பியைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"அத்தை, இத மட்டும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

கலர் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்துக்கொள்வதாவது, கண்ணுக்குள் வைத்துத் தாங்கமாட்டாளா?

தாங்கத்தான் செய்தாள். ஆனாலும் கொடி மஞ்சளடித்தது. தண்ணீர் போதவில்லையோ என்று அதிகம் ஊற்றினாள், அதிகமாகிவிட்டதோ என்று குறைத்தாள். வெயிலுக்கு இழுத்தாள், நிழலுக்குத் தள்ளினாள். தொட்டிதான் ஊர்வலம் போயிற்றே தவிர மஞ்சள் இறங்கவில்லை. மருமகள் வீடியோவில் கூப்பிட்டு "கொடி எப்படி இருக்கு அத்தை?" என்றால், மஞ்சள் தெரியாதபடி எட்ட நின்றே போனைப் பிடிப்பாள். கேட்டதே ஒன்று, அதையும் கோட்டை விட்டுவிட்டால் அந்தப் பெண் இனி எதைக் கேட்கப்போகிறாள்?

கடைசியில் நாற்றுப் பண்ணைக்காரரிடம் ஓடினாள்.

"எலுமிச்சை மஞ்சள்ல ஒரு சொட்டுப் பச்சை விட்ட மாதிரி இருக்கு. ஆனா நரம்பு மட்டும் பச்சையாவே நிக்குது."

"நிறமெல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க. பழைய எலையா, புது எலையா?"

ஊருக்கெல்லாம் நிறம் பார்த்துச் சொல்லும் கண், எந்த இலை என்று பார்க்க மறந்திருந்தது. விட்டாள் ஓட்டம் வீட்டுக்கு. அடியில் இருந்த முற்றிய இலைகளெல்லாம் பச்சை. நுனியில் விரிந்த தளிர்கள்தான் மஞ்சள். மண்ணின்மேல் வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தாள். அங்கிருந்தே பண்ணைக்காரரைப் போனில் பிடித்தாள்.

"அப்படின்னா இரும்புச் சத்துக் குறைதான். மண்ணுல சுண்ணாம்பு ஏறினா, இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. சுண்ணாம்பு ஏதாவது போட்டீங்களா?"

"எங்க வீட்ல யாரு செடிக்குப் போய்ச் சுண்ணாம்பு..."

பால்கனிக் குழாயடியில் கணவரின் பிரஷ் ஊறும் வாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கள்ளன் அகப்பட்டுவிட்டான்.

மாலையில் கணவர் வேலை முடிந்து வந்ததும் நிலைக்கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மனிதர் சாவகாசமாகப் பிரஷ்களைக் கழுவினார். வாளித் தண்ணீர் தெளியும்வரை ஒரு பாட்டை முணுமுணுத்தார். பிறகு மேலாக ஒரு குவளை மொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"அப்படியே நில்லுங்க."

"ஏன், என்ன ஆச்சு? சுண்ணாம்பெல்லாம் அடியில படிஞ்சிடுச்சு. இது நல்ல தெளிஞ்ச தண்ணி. மருமக ஆசையா வளத்த செடியாச்சேன்னு தினமும் நாந்தான் ஊத்தறேன்."

பளிங்கு மாதிரித்தான் இருந்தது தண்ணீர். கலர் அக்கா சமையலறையிலிருந்து மஞ்சள்தூளை அள்ளிக்கொண்டு வந்தாள். குழாய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டாள். மஞ்சளாகவே நின்றது. அவர் கையிலிருந்த குவளையில் ஒரு சிட்டிகை போட்டாள். ரத்தமாகச் சிவந்தது.

"பாத்தீங்களா? சுண்ணாம்பு போகல, கரைஞ்சு நிக்குது. உங்க கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாவி, நானே அந்தப் புள்ளயோட கொடியக் கொன்னுட்டேனா?" என்றார். அவரைத் திட்டத் திறந்த வாய் அவளுக்குத் தானாக மூடிக்கொண்டது.

இருவருமாகச் சேர்ந்து பொருக்கைச் சுரண்டி எறிந்தார்கள், மேல்மண்ணை மாற்றினார்கள், பண்ணைக்காரர் கொடுத்த இரும்புச் சத்தைக் கரைத்து ஊற்றினார்கள். காலையில் பல் தேய்க்கும் முன்பே இருவரும் பால்கனியில் நிற்பார்கள். ஒருநாள் நுனியில் ஒரு தளிர் பச்சையாகவே விரிந்தது. கணவர் அதை அண்டை வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

மருமகள் வந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் நேராகக் கொடியிடம் போனாள். கலர் அக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தப் பெண் புதுப்பச்சைக்கு நடுவே தேறாமல் மிஞ்சியிருந்த ஒரு மஞ்சள் இலையை விரலில் ஏந்திப் பார்த்தாள்.

"அத்தை, இந்தக் கலர் வருமா? எங்க ரூமுக்கு."

"அது நோவு கண்ட எலைம்மா. இங்க பாரு, இந்தத் தளிர்ப் பச்சை எவ்வளவு லட்சணமா இருக்கு. அதையே அடிச்சிடலாம்."

"வேண்டாம் அத்தை. பச்சை எனக்குப் பிடிக்காது. இதுதான் வேணும்."

கலர் அக்கா இராப்பகலாகத் தூக்கமில்லாமல் விரட்டிய நிறம் அது, அதைப் போய்ச் சுவரில் கேட்கிறாள். கேட்கட்டும். அந்த வாயிலிருந்து ஒரு "வேண்டாம்" வந்துவிட்டதே. கண் கலங்கியதை மறைக்க இலையைக் கிள்ளிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கடைக்கு நடந்தாள்.

தெருமுனை திரும்பும்போது பால்கனியிலிருந்து குரல் வந்தது. "அத்தை, ரொம்பக் கண்ணக் குத்தற மாதிரி வேண்டாம். கொஞ்சம் வெளிறியே இருக்கட்டும்."

இன்னொரு வேண்டாம். கலர் அக்காவுக்கு வாயெல்லாம் பல்.